சுரங்க நகரின் சின்னஞ்சிறுவர்: நெய்வேலியில் குழந்தைப் பராமரிப்பும் முன்பருவக் கல்வியும்

நெய்வேலி நகரியத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள நான்கு வழிகள் இருந்துவந்திருக்கின்றன. முதலாவது வீடு, அம்மா, பாட்டி, அக்கா ஆகியோரின் கையில் குழந்தை வளர்வது. இரண்டாவது, வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தொழிற்சட்டங்கள் விதித்த குழந்தைக் காப்பகம். மூன்றாவது, அரசின் பால்வாடியும் பின்னர் வந்த அங்கன்வாடியும். நான்காவது, கட்டணம் வாங்கும் நர்சரிப் பள்ளி. நான்கும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களோடு தோன்றியவை. இவற்றில் எது ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது என்பதைப் பெரும்பாலும் பெற்றோரின் வேலையே தீர்மானித்தது. என்.எல்.சி. எனும் நெய்வேலி லிக்னைட் நிறுவனத்தில் நிரந்தர வேலையா, ஒப்பந்த வேலையா, விவசாயக் கூலியா, சம்பாதிப்பது அப்பாவா, அம்மாவா என்பதைப் பொறுத்தே குழந்தையின் பகல்பொழுது அமைந்தது.

சுரங்கத்துக்கு முன்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் செம்மண் பூமி இது. முந்திரியும் பலாவும் மல்லாட்டையும் கம்பும் விளைந்த இந்த ஊர்களில் பெண்கள் களையெடுப்பு, நடவு, அறுப்பு, கொட்டை பொறுக்குதல் என ஆண்டு முழுவதும் வெளி வேலைக்குப் போனார்கள். கைக்குழந்தையும் கூடவே போனது. வயலோரத்து மரக்கிளையில் பழைய புடவையைத் தூளியாகக் கட்டி, குழந்தையை அதில் கிடத்திவிட்டு, அழுகுரல் கேட்கும் தூரத்தில் தாய் வேலை செய்தாள். தூளியை ஆட்டிவிட ஏழெட்டு வயது அக்கா ஒருத்தி மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். நடக்கத் தொடங்கிய பிள்ளை பாட்டியோடு வீட்டில் இருந்தது. கிராமத்துப் பெண் குழந்தைகள் பலர் பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்காமல் போனதற்குத் தம்பி தங்கைகளைத் தூக்கிவைத்திருக்க வேண்டிய இந்தப் பொறுப்பு ஒரு முக்கியக் காரணம்.

எழுத்தறிவிக்கும் இடமாகத் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. ஐந்து வயதில், பெரும்பாலும் விஜயதசமியன்று, தட்டில் பரப்பிய அரிசியிலோ நெல்லிலோ பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்தார்கள். அதன்பின் தரையில் பரப்பிய மணலே பலகை. எழுத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி என்று பாடம் போகும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல், இத்தகைய பள்ளியில் கண்ட மணலில் எழுதும் முறையையும் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே கையாண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. உலகுக்கு ஒரு கற்பித்தல் முறையைக் கொடுத்த இந்தத் திண்ணையில் உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஏற முடியவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்கும் பெரும்பாலான பெண் குழந்தைகளுக்கும் அதில் இடம் இருக்கவில்லை. ஐந்து வயதுக்கு முந்தைய குழந்தையைப் பற்றி அந்தப் பள்ளி அக்கறைகொள்ளவும் இல்லை.

டவுன்ஷிப்பின் பிறப்பு

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிவந்த கரும்பழுப்புப் பொருள், அதாவது லிக்னைட் எனும் பழுப்பு நிலக்கரி, இந்த வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றியது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவுபெற்றது. 1957 மே 20 அன்று ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. அதன்பின் உரத் தொழிற்சாலையும், ‘லெக்கோ’ எனும் அடுப்புக்கரி தயாரிக்கும் ஆலையும் வந்தன.

வேலைக்கு ஆட்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்காக அகலச் சாலைகளும் எண்ணிட்ட வட்டங்களும் தோட்டத்தோடு கூடிய குவார்ட்டர்ஸ்களும் கொண்ட நகரியம் எழுந்தது. குடிநீர், மின்சாரம், மருத்துவமனை, பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை அனைத்தையும் நிறுவனமே அமைத்தது. தென்னார்க்காட்டின் பிற ஊர்களில் ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கு இவ்வளவும் ஒருசேரக் கிடைப்பது அரிது. ஐந்து வயதான பிள்ளையின் படிப்புக்கு நகரியம் பதில் வைத்திருந்தது. ஐந்துக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது நம்பியிருந்தது வீட்டில் இருக்கும் தாயை.

இந்த நம்பிக்கை சுரங்கத்தின் வேலை நேரத்தோடு பின்னிக்கிடந்தது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிப்டுகளில் இரவு பகல் ஓயாமல் ஓடுபவை. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து முற்றிலும் விலக்கியது; மேற்பரப்பு வேலையில் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் மட்டுமே அனுமதித்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவும் அதே நேர எல்லையை வகுத்தது. சுழற்சி ஷிப்ட் உள்ள பணியிடங்கள் இதனால் ஆண்களின் இடங்களாயின. பெண்கள் அலுவலகம், மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களில் வேலை செய்தார்கள்.

குவார்ட்டர்ஸ் வீட்டில் இதன் பாரம் தாயின் மேல் விழுந்தது. சொந்த ஊரில் பாட்டி, பெரியம்மா, அத்தை என்று பத்துக் கைகள் தூக்கிய குழந்தையை இங்கே இரண்டு கைகள் தூக்க வேண்டியிருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்த் திரும்பும் பெண்ணோடு அவளுடைய அம்மாவோ மாமியாரோ சில மாதம் வந்து தங்குவதுண்டு. அவர்கள் ஊர் திரும்பியதும் தனிமை தொடங்கும். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்க வேண்டும். இரண்டு அறை வீட்டில் தவழும் குழந்தையின் சத்தம் அவரை எழுப்பிவிடாமல் இருக்க, தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து நிழலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போவாள். அடுத்த வீட்டு அக்கா, எதிர்வீட்டு மாமி என்று உருவான உறவுகள் இங்கே குழந்தை வளர்ப்புக்கும் தோள்கொடுத்தன. கூலி இல்லாத, கணக்கில் ஏறாத இந்த உழைப்பும் சேர்ந்துதான் மூன்று ஷிப்டுகளையும் ஓடவைத்தது.

சட்டம் தந்த காப்பகம்

வேலையிடத்திலேயே குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவில் பஞ்சாலைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் முளைத்தது. 1931இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் ஆணையம், பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலைகளில் காப்பகம் அமைக்கப் பரிந்துரைத்தது. 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அப்படி உத்தரவிடும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த 1945இல், சுரங்கங்களில் காப்பகம் அமைக்க வழிசெய்யும் திருத்தம் வந்தது. 1946இல் சுரங்கக் குழந்தைக் காப்பக விதிகள் பிறந்தன. 1952ஆம் ஆண்டுச் சட்டம், சுரங்கத்தில் வேலை செய்யும் பெண்களின் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறைகள் ஒதுக்கும்படி விதி செய்ய அதிகாரம் தந்தது. 1966இல் புதிய விதிகள் வெளியாயின. நெய்வேலிச் சுரங்கங்கள் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தன.

பிற தொழில்களுக்கும் இதே போன்ற விதிகள் இருந்தன. தொழிற்சாலையில் 50 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் கட்டாயம் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1976இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், 1966ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டம் பீடி ஆலைகளுக்கும், 1996ஆம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் சட்டம் கட்டட வேலையிடங்களுக்கும் காப்பகத்தை விதித்தன. இலங்கை மலையகத்தில் தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தையை விட்டுச்சென்ற ‘பிள்ளைக் காம்பரா’வும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இந்தச் சட்டங்கள் பெண் தொழிலாளருக்குப் பெரிய உரிமையைத் தந்தன. ஆனாலும் எல்லாவற்றிலும் ஒரே குறை இருந்தது. காப்பகம் வேண்டுமா என்பதைப் பெண்கள் வேலை செய்கிறார்களா, எத்தனை பேர் என்பதே முடிவு செய்தது. ஆயிரக்கணக்கான ஆண்கள் வேலை செய்யும் இடத்தில் அவர்களுடைய குழந்தைகள் கணக்கில் வரவில்லை. தந்தைக்கும் குழந்தை உண்டு என்பதைச் சட்டம் பார்க்கவில்லை. இரவு வேலைத் தடையால் பெண்கள் குறைவாக இருந்த சுரங்கத் தொழிலில் இந்தக் குறை மேலும் கூர்மையாகத் தெரிந்தது. பெண்ணைச் சேர்த்தால் காப்பகம் கட்ட வேண்டும் என்பதே பெண்ணை வேலைக்கு எடுக்காமல் இருக்க முதலாளிகளுக்கு ஒரு காரணமாகவும் ஆயிற்று.

ஒப்பந்தத் தொழிலாளர் நிலை இன்னும் கடினம். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் கேன்டீன், ஓய்வறை, குடிநீர், கழிப்பறை, முதலுதவி ஆகியவற்றைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் குழந்தைக் காப்பகம் இல்லை. துப்புரவு, தோட்டவேலை, கட்டுமானம் என்று நகரியத்தின் அன்றாடத்தை நடத்தும் ஒப்பந்தப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைச் சுற்றுவட்டார ஊர்களில் உறவினரிடமோ அரசு மையத்திலோதான் விட்டுவர வேண்டியிருந்தது.

பால்வாடி

கிராமத்து ஏழைக் குழந்தைக்கு முன்பருவக் கல்வி தரும் முயற்சி, செலவு மிகுந்த நகரத்து மாதிரிகளை எளிமைப்படுத்துவதில் தொடங்கியது. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றி, 1946இல் ஐரோப்பா திரும்பினார். குழந்தை தன் கையால் செய்து கற்கும் அவருடைய முறை சென்னையின் சில பள்ளிகளில் வேரூன்றியது. அதே காலத்தில் மகாராஷ்டிரக் கடலோர ஊரான போர்டியில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் 1945இல் தொடங்கிய பணி வேறு திசையில் போனது. மரக்கட்டைச் சாதனங்களுக்குப் பதிலாகக் கூழாங்கல், விதை, இலை, களிமண் ஆகியவற்றைக் கொண்டு, சேரிப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்கே போய் அவர்கள் கற்பித்தார்கள். பால்வாடி, அங்கன்வாடி இரண்டுக்கும் மூலம் அங்கே இருக்கிறது.

1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டமும் 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூகநல வாரியமும் வந்தபின் பால்வாடிகள் நாடெங்கும் பரவின. ஊரில் கிடைத்த ஓர் அறையில் உள்ளூர்ப் பெண் ஒருவர் டீச்சராக அமர்ந்து, காலையில் சில மணி நேரம் பாட்டும் விளையாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்தார். 1960களின் தொடக்கத்தில் இந்தியக் குழந்தைகள் நலக் கழகம் பாலசேவிகா பயிற்சியைத் தொடங்கியபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது பயிற்சி வேண்டும் ஒரு தொழில் என்ற மதிப்பு அதற்குக் கிடைத்தது.

1970இல் அமைந்து 1972இல் அறிக்கை தந்த, மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு, பிறந்தது முதல் 6 வயது வரை உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் பிரிக்காமல் தர வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் தொடர்ச்சியாக 1975 அக்டோபர் 2 அன்று 33 ஒன்றியங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. துணை உணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு ஊட்டச்சத்துக் கல்வி என்ற ஆறு சேவைகளும் அங்கன்வாடி என்ற ஒரே கூரையின் கீழ் வந்தன.

சோறும் தராசும்

தமிழ்நாட்டில் குழந்தைகள் மையத்தைக் கட்டிநிறுத்தியது உணவு. 1867இல் வள்ளலார் அணையா அடுப்பை ஏற்றிய வடலூர் நெய்வேலிக்கு அருகிலேயே இருக்கிறது; பசியைத் தீர்ப்பது முதல் அறம் என்பது இந்த வட்டாரத்துக்குப் பழகிய எண்ணம். என்.எல்.சி. பிறந்த அதே 1956இல் காமராஜரின் மதிய உணவுத் திட்டம் பள்ளிகளில் தொடங்கியது. பள்ளிக்கு வராத வயதினரை அது எட்டவில்லை. அந்த இடைவெளியை 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் நிரப்பியது. கிராமப்புறத்தில் 2 வயது முதல் உள்ள பால்வாடிக் குழந்தைகளுக்கும் சூடான மதியச் சோறு கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் விரிந்தது. 1989இல் முட்டை சேர்ந்தது. ஒவ்வொரு மையத்திலும் டீச்சரும் ஆயாவும் பெண்களாக இருந்ததால், பல்லாயிரம் கிராமத்துப் பெண்களுக்கு இது வேலையாகவும் ஆயிற்று.

சத்துணவுத் திட்டத்துக்கு இரண்டாண்டு முன்பு, உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியிருந்தது. 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் தொங்கு தராசில் வைத்து எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு மேலே ஏறினால் நல்லது. கிடையாக நின்றாலோ இறங்கினாலோ அந்தக் குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துருண்டை கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிள்ளையின் நலத்தைத் தன் கண்ணால் பார்க்க அந்தக் கோடு உதவியது. எடை பார்ப்பது பிறகு மாநிலம் முழுவதும் அங்கன்வாடிகளின் வழக்கமாயிற்று.

நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு இந்த மையங்களே முதல் பள்ளி. மூன்று வயதுப் பிள்ளை மையத்துக்குப் போனதால் அக்காவுக்குப் பள்ளி செல்லும் வழி திறந்தது. அதே சமயம் இந்த ஊர்களுக்கென்று தனித் துயரமும் இருந்தது. சுரங்கம் விரியும்போது ஊர் பெயர்க்கப்படும். வீடும் கோயிலும் போகும்போது பிள்ளைகள் நடந்துபோய்ப் பழகிய மையமும் போகும். மறுகுடியமர்வு மனைகளில் குடும்பங்கள் காலூன்றும் ஆண்டுகளில் சிறு குழந்தைகளின் உணவும் படிப்பும் தடுமாறாமல் காப்பது அரசும் நிறுவனமும் அந்த மக்களுக்குப் பட்ட கடன்.

நர்சரியும் எல்.கே.ஜி.யும்

நகரியத்துக்குள் வேறொரு ஓட்டம் இருந்தது. நிரந்தரச் சம்பளமும் பிள்ளைகளைப் பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆக்கும் கனவும் சேர்ந்து ஆங்கிலவழிக் கல்விக்குத் தேவையை உருவாக்கின. 1827இல் புதுச்சேரிக்கு வந்த குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியரின் பள்ளி நெய்வேலியிலும் அமைந்தது. ஜவகர் கல்விக் கழகத்தின் பள்ளிகள், கேந்திரிய வித்யாலயா ஆகியவையும் வந்தன. கேந்திரிய வித்யாலயா நீண்ட காலம் முதல் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்தது. முன்பருவ வகுப்பான பால்வாடிகா 2022இல்தான் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் தொடங்கியது. மெட்ரிக் பள்ளிகளோ எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்ற இரண்டாண்டுப் படியை நுழைவாயிலாக வைத்தன. சீருடை, டை, சிலேட்டுக்குப் பதில் நோட்டு என்று மூன்றரை வயதிலேயே பள்ளி வாழ்க்கை தொடங்கியது.

இந்த வகுப்புகள் தாய்மாருக்கு அரை நாள் ஓய்வு தந்தன. குழந்தைக்குக் கூட்டாளிகளைத் தந்தன. குறை பாடமுறையில் இருந்தது. விரல் தசைகள் உறுதிப்படும் முன்பே பென்சிலும் வீட்டுப்பாடமும் வந்தன. விளையாட்டே இந்த வயதின் கல்வி என்று மாண்டிசோரி முதல் அனுதாய் வாக் வரை சொன்னதைப் பல நர்சரிகள் மறந்தன. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக என்.எல்.சி. ஆதரவோடு நடக்கும் ஸ்நேகா பள்ளி, ஒவ்வொரு குழந்தையின் வேகத்துக்கும் ஏற்பக் கற்பிப்பதன் அவசியத்தை இந்த ஊரிலேயே காட்டிவருகிறது.

அரசின் கட்டுப்பாடு தாமதமாகவே வந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உரிமை தந்தது. 3 முதல் 6 வயது வரை ஏற்பாடு செய்வதை அரசுகளின் விருப்பத்துக்கு விட்டது. எனினும் தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பு எல்.கே.ஜி. என்றால் 25 விழுக்காட்டு இடஒதுக்கீடு அங்கிருந்தே பொருந்தும். இதனால் ஏழைக் குழந்தைகள் சிலருக்கு மெட்ரிக் பள்ளியின் கதவு திறந்தது. விளையாட்டுப் பள்ளிகளுக்கான நெறிமுறைகளைத் தமிழ்நாடு அரசு 2015இல் வகுத்தது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது, கட்டணம் கட்ட முடியாத பெற்றோருக்கு அரசு தந்த பதில்.

சட்டத்தின் திருப்பம்

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையை அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. 2019இல் மத்திய அரசு, திறந்தவெளிச் சுரங்கங்களில் பெண்கள் இரவிலும் வேலை செய்யப் பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதித்தது. 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியதோடு, 50 ஊழியர் உள்ள நிறுவனம் எதுவும் காப்பகம் அமைக்க வேண்டும் என்றது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம். எண்ணிக்கையில் ஆண்களும் சேர்ந்தது இந்தச் சட்டத்தின் சிறப்பு. 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இதே அளவுகோலைக் கொண்டவை.

குழந்தைகளைப் பார்ப்பவர்களின் நிலையும் மெல்ல மாறியது. அங்கன்வாடிப் பணியாளர்கள் நாட்டளவில் நீண்ட காலம் ஊதியமின்றி மதிப்பூதியம் மட்டுமே பெற்றார்கள். தமிழ்நாடு அவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் தந்தது. பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் இப்போது 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பாய் விரித்த அறையில் காலைப் பாட்டு, கதை, நிறமும் வடிவமும் அறியும் விளையாட்டு, மதியச் சோறு, தூக்கம் என்று அங்கே பகல் கழிகிறது. கைக்குழந்தைகளுக்கு வீட்டுக்குச் சத்துமாவு போகிறது.

இன்னும் தீராமல் இருப்பது நேரத்தின் கணக்கு. நர்சரி நண்பகலில் முடிகிறது. அங்கன்வாடி பிற்பகலில் முடிகிறது. ஷிப்டோ எட்டு மணி நேரம், போக வர வேண்டிய நேரம் தனி. 2 வயதுக்குட்பட்ட குழந்தையை முழுநாளும் ஏற்கும் இடம் சம்பளம் குறைந்த குடும்பங்களுக்கு மிக அரிது. 2022இல் மத்திய அரசு அறிவித்த ‘பால்னா’ திட்டம், நாடெங்கும் 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகத்தோடு இணைத்து முழுநாள் மையங்களாக்க இலக்கு வைத்துள்ளது. சுரங்க வேலையின் இரவு ஷிப்ட் பெண்களுக்குத் திறந்துவிட்ட நிலையில், நெய்வேலி போன்ற ஊர்களுக்கு இத்தகைய மையங்கள் உடனடித் தேவை. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, நிலம் கொடுத்த விவசாயி என்ற வேறுபாடின்றி எல்லோருடைய குழந்தையும் அங்கே சேர முடிந்தால்தான் இந்த நகரியம் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்ததை அவர்களிலும் இளையவர்களுக்கும் செய்ததாகும்.